வலி தாடையில், காரணம் எங்கே?

கேள்வி: எனக்கு வயது 36. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். மூன்று மாதமாக இடது காதுக்கு முன்னால், தாடை சேரும் இடத்தில் வலி. காலையில் எழுந்தால் வாய் இறுகிப்போய் இருக்கிறது. வாயைத் திறக்கும்போது ‘டக்’ என்று சத்தம் கேட்கிறது. கொட்டாவி விடவே பயமாக இருக்கிறது. முறுக்கோ புரோட்டாவோ சாப்பிட்டால் அன்று ராத்திரி கன்னப்பொட்டு வரைக்கும் வலி ஏறிவிடுகிறது. காதில்தான் கோளாறு என்று நினைத்து காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். காது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். கூட வேலை செய்யும் அக்கா ஒருவர், “கடைசிக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிப் போடு, எனக்கு அப்படித்தான் சரியானது” என்கிறார். இன்னொருவர், ஹார்ட் அட்டாக் வருவதற்கு முன்னால் தாடை வலிக்கும் என்று சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. நான் பல்லைப் பிடுங்கிவிடலாமா? ஊரில், தாராபுரம் பக்கத்தில் இருக்கும் என் அப்பாவும் (வயது 64, சுகர் இருக்கிறது) கொஞ்ச நாளாகத் தாடை வலிக்கிறது என்கிறார். பழனி மலையில் படி ஏறும்போது வந்ததாம், உட்கார்ந்ததும் போய்விட்டதாம். இது பரம்பரையாக வரக்கூடியதா?

— வாசகி, திருப்பூர்

பதில் (பல், முகத்தாடை அறுவை சிகிச்சை மருத்துவர்):

கடைசியில் போகிற போக்கில் அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வலிக்கு நிதானமாக வைத்தியம் பார்க்கலாம். அவருடைய வலிக்கு நாள் கடத்தக் கூடாது.

படி ஏறினால் வருகிறது, உட்கார்ந்தால் போகிறது. மெல்லும்போதோ கொட்டாவி விடும்போதோ வலிப்பதாக நீங்கள் எழுதவில்லை. வயது 64, கூடவே சுகர். இத்தனையும் சேர்ந்தால் நான் அவருடைய வாயைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால் இதயத்தைப் பற்றித்தான் யோசிப்பேன். இதயத் தசைக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருந்தால், உழைப்பு கூடும்போது தசைக்கு ரத்தம் போதாமல் வலி எடுக்கும். அந்த வலி நெஞ்சில்தான் வரவேண்டும் என்றில்லை. இதயத்திலிருந்து வரும் உணர்வு நரம்புகளும், கை, கழுத்து, தாடையிலிருந்து வரும் நரம்புகளும் தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும் ஒன்றாகப் போய்ச் சேருகின்றன. எங்கிருந்து வந்த செய்தி என்று மூளைக்குப் பிரித்தறிய முடிவதில்லை. தாடை என்று பதிந்துகொள்கிறது. சுகர் உள்ளவர்களுக்கும், வயதானவர்களுக்கும், பெண்களுக்கும் நெஞ்சுவலி பெரிதாக இல்லாமல் தாடை வலி, மூச்சு வாங்குதல், அசதி, குமட்டல் என்று மட்டும் இதய நோய் தலைகாட்டுவது உண்டு. ‘கேஸ் பிடித்திருக்கிறது’ என்று சோடா குடித்து உட்கார்ந்துவிடுபவர்களில் பலர் இப்படிப்பட்டவர்கள்.

இந்தக் கடிதம் அச்சாகும் முன்பே உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லச் சொல்லியிருக்கிறேன். மற்ற வாசகர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். அப்பாவை உடனே ஒரு பொது மருத்துவரிடமோ இதய மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள். ‘தாடை வலி’ என்று மட்டும் சொன்னால் பல் டாக்டரிடம் அனுப்பிவிடக்கூடும். “நடந்தால், படி ஏறினால் வருகிறது, நின்றால் நின்றுவிடுகிறது” என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். இ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்று வந்தாலும் அதோடு திரும்பிவிட வேண்டாம். ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுக்கும் இ.சி.ஜி.யில் இந்த வகை வலி தெரியாமல் போகலாம். எக்கோ, டிரெட்மில் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். அதுவரை மலையும் வேண்டாம், மூட்டை தூக்குவதும் வேண்டாம்.

ஒருவேளை சும்மா இருக்கும்போதே அந்த வலி வந்தால், அல்லது உட்கார்ந்த பிறகும் சில நிமிஷத்தில் அடங்காமல் நின்றால், வியர்த்துக் கொட்டினால், மூச்சுத் திணறினால், 108-ஐ அழைக்க வேண்டும். பைக்கின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போவது ஆபத்து. கிராமத்தில் இருக்கிறோம், பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்று மலைக்கவும் வேண்டாம். தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்பு என்று சந்தேகப்பட்டால் மேல் சிகிச்சைக்கு அனுப்பும் முன்பே கொடுக்க வேண்டிய மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைத்திருக்கிறார்கள். அந்த முதல் மாத்திரைகள் சீக்கிரம் உள்ளே போவது உயிரைக் காக்கும் விஷயம்.

இப்போது உங்கள் வலி. உங்களுக்கு இருப்பது அப்பாவின் வலி அல்ல, பரம்பரைச் சங்கதியும் அல்ல. மென்றால் கூடுகிறது, வாயை அசைத்தால் வலிக்கிறது, காலையில் இறுகியிருக்கிறது, சத்தம் கேட்கிறது, மூன்று மாதமாக ஒரே இடத்தில் இருக்கிறது. இவை எல்லாம் தாடை மூட்டையும் அதை இயக்கும் தசைகளையும்தான் காட்டுகின்றன. நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது; ஆனாலும் இதய பயத்தில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள உங்கள் அறிகுறிகளில் காரணம் எதுவும் தெரியவில்லை.

காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் ஓர் எலும்பு உருளுவது தெரியும். அதுதான் தாடை மூட்டு. இந்த மூட்டு வாயைத் திறக்கத் தொடங்கும்போது கீல் மாதிரி சுழல்கிறது. அகலத் திறக்கும்போது இருந்த குழியை விட்டு முன்னால் வழுக்கி வருகிறது. இடையில் மெல்லிய குருத்துத் தட்டு ஒன்று இருக்கிறது. அந்தத் தட்டு கொஞ்சம் முன்னால் நழுவியிருந்தால், எலும்பு அதன்மேல் ஏறும் கணத்தில் ‘டக்’ என்ற சத்தம் வரும். வலி இல்லாமல் சத்தம் மட்டும் வரும் ஆட்கள் ஏராளம். அவர்களுக்கு வைத்தியமே தேவையில்லை. சத்தத்தை நிறுத்துவது நம் வேலையும் அல்ல. வலி குறைய வேண்டும், வாய் நன்றாகத் திறக்க வேண்டும். உங்கள் கையின் நடு மூன்று விரல்களைச் சேர்த்து, மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவில் செங்குத்தாக நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் திறப்பு போதுமானது. பெரும்பாலானோருக்கு அது 40 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும்.

முதலில் காது டாக்டரிடம் போனது தவறில்லை. மூட்டும் காதும் ஒட்டியே இருக்கின்றன. 1934-இல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் காது வலி, காது அடைப்பு, இரைச்சல் ஆகியவற்றைத் தாடை மூட்டோடு சேர்த்து எழுதினார். பல் இழப்பால் தாடை உள்ளே இறங்கி நரம்பை அழுத்துகிறது என்று அவர் சொன்ன காரணம் பிற்பாடு நிற்கவில்லை. காதும் தாடையும் சேர்ந்து தொல்லை தருவதை அவர் கவனித்தது நின்றது. காது நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததே உங்களுக்கு ஒரு லாபம்.

செக்கிங் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கணக்காகக் கழுத்தைக் குனிந்து, ஒரு தையல் தப்பாமல் கண்ணை ஊன்றிப் பார்க்கிறீர்கள். டார்கெட் அவசரம் வேறு. இப்படிக் கூர்ந்து வேலை செய்யும் நேரத்தில் பலரும் தங்களை அறியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். ஓய்வாக இருக்கும் வாயில் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடவே கூடாது. நடுவில் 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதுதான் இயல்பு. சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் தவிர பல்லுக்குப் பல்லோடு வேலை இல்லை. நாள் பூரா முஷ்டியை இறுக்கி வைத்திருந்தால் கை என்ன பாடுபடுமோ, அதே பாட்டைத்தான் கன்னத் தசையும் படுகிறது. ராத்திரித் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களும் உண்டு. வீட்டில் யாரையாவது கேட்டால் தெரியும். காலையில் வாய் இறுகியிருப்பது அதற்கு ஓர் அறிகுறி. குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் பல் கடிப்பைக் கூட்டும். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது.

இன்றே தொடங்கக்கூடிய வைத்தியம் ஒன்று உண்டு, அதற்குக் காசு செலவில்லை. உதடு சேர்ந்திருக்கட்டும், பல் பிரிந்திருக்கட்டும், நாக்கு நுனி மேல் முன்பல்லுக்குப் பின்னால் லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். வேலை மேஜையில் சிறிய வண்ணப் பொட்டு ஒன்றை ஒட்டிவையுங்கள். கண்ணில் படும்போதெல்லாம் ‘பல் சேர்ந்திருக்கிறதா?’ என்று பார்த்துப் பிரித்துவிடுங்கள். எளிதாகத் தெரிகிறதே என்று இதை அலட்சியம் செய்கிறவர்கள்தான் அதிகம். என் அனுபவத்தில் இதை ஒழுங்காகச் செய்கிறவர்களுக்குப் பாதி வலி இதிலேயே குறைகிறது.

கூடவே சில வாரங்களுக்கு மூட்டுக்கு ஓய்வு. இட்லி, சாதம், நன்றாக வெந்த காய், மீன் சாப்பிடலாம். முறுக்கு, சீடை, புரோட்டா, கரும்பு, சூயிங் கம், எலும்பு கடிப்பது எல்லாவற்றையும் தள்ளிவையுங்கள். ஒரு பக்கமாகவே மெல்லாதீர்கள். கொட்டாவி வந்தால் மோவாய்க்கு அடியில் கையைக் கொடுத்து, அகலத் திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையைத் தாடைக்கு முட்டுக்கொடுத்துப் படுப்பதையும் கவிழ்ந்து படுப்பதையும் விடுங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கன்னத்தசையிலும் பொட்டிலும் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, 10 முதல் 15 நிமிஷம் ஒத்தடம் கொடுங்கள். முகத்தில் வீக்கமோ காய்ச்சலோ இருந்தால் மட்டும் இந்த ஒத்தடம் கூடாது. வலி மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கித் தொடர்ந்து விழுங்காதீர்கள். வயிறு, சிறுநீரகம், பி.பி. ஆகியவற்றைப் பார்த்து எது, எத்தனை நாள் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இதற்கும் குறையாவிட்டால் பல் மருத்துவர் உங்கள் பல் அச்செடுத்து, ராத்திரி மாட்டிக்கொள்ள அக்ரிலிக் தகடு ஒன்று செய்து தருவார். நைட் கார்டு என்பார்கள். அது பல் தேய்வதைத் தடுக்கும். சிலருக்கு வலியையும் குறைக்கும். எல்லாப் பற்களையும் மூடும்படி அளவெடுத்துச் செய்ததாக இருக்க வேண்டும். ஆன்லைனில் விற்கும் ரப்பர் தகடுகளை மென்றுகொண்டே தூங்கி வலியைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். கழுத்துக்கும் தாடைக்கும் உடற்பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் போய்ப் பாருங்கள். இந்த வகை வலியில் பெரும்பாலானவை இவ்வளவிலேயே அடங்கிவிடுகின்றன.

அதனால்தான் திரும்பச் சரிசெய்ய முடியாத வைத்தியம் எதையும் இந்த வலிக்கு முதல் கட்டத்தில் செய்யக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கடி சரியில்லை என்று நல்ல பல்லைத் தேய்ப்பது, வரிசையாகக் கேப் போடுவது, மூட்டில் அறுவை என்று யாராவது முதல் சந்திப்பிலேயே சொன்னால் இன்னொரு டாக்டரிடம் கேளுங்கள். 1980களில் அமெரிக்காவில், நழுவிய குருத்துத் தட்டை எடுத்துவிட்டு டெஃப்ளான் பூசிய செயற்கைத் தட்டை வைத்தார்கள். அது மூட்டுக்குள் பொடிந்து, உடம்பு அதை எதிர்த்து, சுற்றியிருந்த எலும்பையே அரித்தது. 1990களின் தொடக்கத்தில் அங்கே அரசு அதைத் திரும்பப் பெறச் செய்தது. பொறுத்திருந்தாலே குறைந்திருக்கக்கூடிய வலிக்காக அதை வைத்துக்கொண்டு, வாழ்நாள் முழுக்க அவதிப்பட்டவர்களும் அதில் உண்டு.

பல்லைப் பிடுங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், எக்ஸ்ரே பார்க்காமல் வேண்டவே வேண்டாம். அந்த அக்காவுக்கு அநேகமாக ஞானப்பல் பாதி முளைத்து, மேலே மூடியிருந்த ஈறுக்குள் உணவு சேர்ந்து சீழ் பிடித்திருக்கும். அப்போது விழுங்கினால் வலிக்கும், வாயில் கெட்ட ருசி இருக்கும், ஈறு வீங்கும், வாய் திறக்க வராது. அவருக்குப் பிடுங்கியது சரியான வைத்தியம்தான். பல்லிலிருந்து வரும் வலிக்கு வேறு குணம். சூடோ குளிரோ பட்டால் சுளீரென்று ஏறும், குறிப்பிட்ட ஒரு பல்லைத் தட்டினால் துடிக்கும், தூக்கத்திலிருந்து எழுப்பும். அப்படி எதையும் நீங்கள் எழுதவில்லை. நல்ல பல்லைக் கொடுத்துவிட்டு வலியை அப்படியே வைத்துக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருக்கிறது.

இப்படி வீணாகப் பல்லை இழக்கும் கஷ்டத்தை அதிகம் அனுபவிப்பவர்கள் முக்கிளை நரம்பு வலி உள்ளவர்கள். பெரும்பாலும் 50 வயதைத் தாண்டியவர்கள். முகம் கழுவினால், பல் துலக்கினால், ஃபேன் காற்று பட்டால்கூட ஒரு பக்கத் தாடையில் கரண்ட் அடித்தது போல் வலி பாயும். சில விநாடியிலிருந்து இரண்டு நிமிஷத்துக்குள் நின்றுவிடும். நின்ற பிறகு ஒன்றுமே இல்லாதது போல் இருக்கும். பல் வலி என்று நினைத்து ஒன்றன்பின் ஒன்றாகப் பற்களைப் பிடுங்கச் சொல்லி வருவார்கள். பல்லில் ஒன்றும் இருக்காது. கார்பமசெபின் என்ற மாத்திரை இதற்கு நன்றாகக் கேட்கும். நரம்பியல் மருத்துவரின் கண்காணிப்பில் ரத்தப் பரிசோதனையோடு சாப்பிட வேண்டியது. சாப்பிடத் தொடங்கியபின் தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

நீங்கள் கேட்கவில்லை; ஆனால் நம் ஊரில் தாடையைப் பற்றி எழுதிவிட்டுப் பாக்கைப் பற்றி எழுதாமல் விட முடியாது. வாய் திறப்பு மெதுவாகக் குறைந்துகொண்டே போகும் ஒரு நோய் இருக்கிறது. முதலில் காரம் பட்டால் வாய் எரியும். குழம்பில் மிளகாயைக் குறைக்கச் சொல்வார்கள். அப்புறம் கன்னத்தின் உட்புறம் வெளுத்து, தொட்டால் கயிறு போல் நார் தட்டுப்படும். மூன்று விரல் நுழைந்த வாயில் இரண்டு நுழையும், பிறகு ஒன்று. 1952-இல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர், கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐந்து பேரிடம் இதைக் கண்டு எழுதினார். மறு ஆண்டே பம்பாயிலிருந்து ஜோஷி எழுதினார். காரணம் பாக்கு. புகையிலை சேராத வெறும் பாக்கே போதும். பாக்கில் உள்ள அரிகோலின் கன்னத் திசுவில் நாரைப் பெருக்குகிறது. இந்த நோய் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு வாய்ப் புற்றுநோய் வருகிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் பாக்கை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்திவிட்டது. ‘நான் ஹான்ஸ் போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்’ என்று சமாதானம் சொல்கிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சேர்ந்த நார் முழுசாகக் கரையாது. பாக்கை நிறுத்துவதும், வாய்த் திறப்புப் பயிற்சியும், அடிக்கடி வாயைக் காட்டிக்கொள்வதும்தான் வழி. யாருக்காக இருந்தாலும், இரண்டு வாரத்தில் ஆறாத புண், காரணமில்லாமல் ஆடும் பல், கீழ் உதட்டில் மரத்துப்போன உணர்வு, கழுத்தில் கட்டி என்று இருந்தால் உடனே காட்ட வேண்டும்.

பல் நோயில் அவசரம் என்று ஓடவேண்டிய சந்தர்ப்பமும் உண்டு. கீழ்க் கடைசிக் கடைவாய்ப் பற்களின் வேர்நுனி, நாக்குக்கு அடியில் விரிந்திருக்கும் தசைக்கும் கீழே இருக்கிறது. அங்கே பிடித்த சீழ் நேரே கழுத்துப் பக்கம் இறங்கும். தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் கல்லு போல் வீக்கம், நாக்கு மேலே தூக்கிக்கொள்வது, எச்சில் விழுங்க முடியாமல் வடிவது, குரல் மாறுவது, காய்ச்சல். ஜெர்மனியின் லுட்விக் 1836-இல் விவரித்த இந்த நோயில் மூச்சுக்குழாய் சில மணி நேரத்திலேயே அடைபடலாம். கிராம்புத் தைலம் வைத்துக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது; ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சுகர் உள்ளவர்களுக்கு இது இன்னும் வேகமாகப் பரவும்.

கொட்டாவி விட்டு வாய் திறந்தபடியே மாட்டிக்கொண்டால் மூட்டு இறங்கிவிட்டது என்று பொருள். வீட்டில் யாரும் இழுத்துப் பார்க்காமல் வந்தால் பழக்கப்பட்ட கை சில நிமிஷத்தில் ஏற்றிவிடும். அடிபட்ட பிறகு பல் வரிசை மாறிக் கடித்தால் எலும்பு முறிந்திருக்கலாம். காயம்பட்டுச் சில நாள் கழித்து வாய் பூட்டிக்கொண்டால் ரணஜன்னி என்று சந்தேகிக்க வேண்டும். 50 வயதுக்கு மேல் உணவை மெல்லும்போது தாடை அசந்து வலித்து, புதிதாகத் தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்தால், அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். நம் நாட்டில் அபூர்வம், ஆனால் கண் பறிபோகும் என்பதால் அன்றே பார்க்க வேண்டும். எலும்புத் தேய்வுக்கோ புற்றுநோய்க்கோ சோலெட்ரானிக் ஆசிட் போன்ற ஊசி போட்டவர்கள், பல் பிடுங்குவதற்கு முன்னால் பல் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும்.

உங்களுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன். மூன்று விரல் நுழையவில்லை என்றாலோ, வாய் திடீரென்று பாதியில் நின்று மேலே திறக்க வரவில்லை என்றாலோ தள்ளிப்போட வேண்டாம். அப்படி இல்லையென்றால் மேலே சொன்னதை நான்கு வாரம் செய்துவிட்டு, குறைந்தாலும் குறையாவிட்டாலும் ஒருமுறை நேரில் காட்டிக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனைப் பல் பிரிவிலேயே பார்க்கலாம். மேற்கொண்டு தேவைப்பட்டால் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் இதற்கென்றே தனிப் பிரிவுகள் இருக்கின்றன. போகும்போது வலி எந்த நேரத்தில் வந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எதனால் குறைந்தது என்று ஒரு தாளில் தேதி போட்டு எழுதிக்கொண்டு போங்கள். முழுத் தாடையும் தெரியும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே ஒன்று எடுப்பார்கள். எம்.ஆர்.ஐ. எல்லோருக்கும் தேவைப்படாது.